ரமண மகரிஷிக்கு ரேடியம் சிகிச்சை: திருவண்ணாமலையில் 1949இல் என்ன நடந்தது? கதிர்வீச்சின் ஆபத்து உண்மையில் யாருக்கு?

1949 ஆகஸ்ட் 7. திருவண்ணாமலையில் மலையடிவாரத்தில் இருக்கும் ரமணாசிரமத்தின் சின்ன மருத்துவமனை. 69 வயதுப் பெரியவர் ஒருவரின் இடது கையில் டாக்டர்கள் மூன்றாவது முறையாக ஆபரேஷன் செய்தார்கள். ஆறே மாதத்தில் மூன்றாவது. வெட்டி எடுக்க எடுக்க அந்தக் கட்டி திரும்பத் திரும்ப முளைத்துக்கொண்டே இருந்தது. இந்த முறை கத்தியோடு நிறுத்தவில்லை. மிச்சம் மீதி இருக்கும் புற்றுநோய் செல்களை அழிக்க ரேடியமும் பயன்படுத்தப்பட்டது.

அன்றைக்கே அந்தப் பெரியவர் மருத்துவமனை வராந்தாவில் வந்து உட்கார்ந்தார். வெளியே கவலையோடு காத்திருந்தவர்கள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவர்தான் ரமண மகரிஷி. அவருடைய ஆன்மிக வாழ்க்கையைப் பற்றி ஏராளமான புத்தகங்கள் உண்டு. ஆனால் அவருடைய கடைசி ஒன்றரை வருடத்தில் இன்னொரு கதையும் ஒளிந்திருக்கிறது. புற்றுநோயைக் குணப்படுத்தக் கொண்டுவரப்பட்ட ரேடியமே புற்றுநோயை உண்டாக்கவும் கூடியது. அந்த ஆபத்து நோயாளியைவிட, அதைத் தினமும் கையாண்டவர்களுக்குத்தான் அதிகம். செர்னோபிலில் துப்புரவு வேலைக்குப் போன லட்சக்கணக்கான தொழிலாளர்கள் விஷயத்தில் இன்றுவரை பேசப்படுவதும் இதே சிக்கல்தான்.

யார் இந்த வேங்கடராமன்?

ரமணரின் இயற்பெயர் வேங்கடராமன். 1879 டிசம்பர் 30ஆம் தேதி, இப்போதைய விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் திருச்சுழியில் பிறந்தார். அப்பா சுந்தரம் ஐயர் அந்த ஊரில் வழக்குகளை நடத்திவந்தவர். அம்மா அழகம்மாள். 1892இல் அப்பா இறந்ததும் குடும்பம் பிரிந்தது. வேங்கடராமன் மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தார். அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி மாணவர். படிப்பில் ரொம்ப ஆர்வம் இல்லை, விளையாட்டில்தான் கெட்டி.

1896 ஜூலையில், 16 வயதில், உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோதே திடீரென்று சாவு பற்றிய பயம் அவரைப் பிடித்தது. தரையில் பிணம் போல விறைப்பாகப் படுத்து, செத்துப்போவது இந்த உடம்பு மட்டும்தானா என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். அந்தச் சில நிமிடங்கள் அவர் வாழ்க்கையை மாற்றின. ஆகஸ்ட் 29ஆம் தேதி, கல்லூரியில் கட்டச் சொல்லி அண்ணன் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு ரயில் ஏறினார். வழியில் காசு தீர்ந்தது. திருக்கோவிலூர் பக்கம் காதுக் கடுக்கனை அடகு வைத்து 4 ரூபாய் வாங்கினார். செப்டம்பர் 1ஆம் தேதி காலை திருவண்ணாமலையில் இறங்கினார். அதற்குப் பிறகு 54 ஆண்டுகள், சாகும்வரை, அந்த ஊரைவிட்டு வெளியே போகவே இல்லை.

இங்கே ஒரு சின்ன தற்செயல். வேங்கடராமன் வீட்டைவிட்டுக் கிளம்பிய அதே 1896இல்தான், பாரிஸில் ஆன்றி பெக்கெரல் என்ற விஞ்ஞானி யுரேனியத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் வெளிவருவதைக் கண்டுபிடித்தார். இரண்டு வருடம் கழித்து, 1898 டிசம்பரில், மேரி கியூரியும் பியர் கியூரியும் ரேடியத்தை அறிவித்தார்கள்.

பாதாள லிங்கத்தில் புண்ணாகிப்போன தொடைகள்

ரமணருக்கும் அவர் உடம்புக்கும் இருந்த உறவைப் புரிந்துகொள்ள, அவர் திருவண்ணாமலைக்கு வந்த ஆரம்ப மாதங்களைப் பார்க்க வேண்டும். அருணாசலேஸ்வரர் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் முதலில் உட்கார்ந்தார். ஊர்ப் பையன்கள் கல்லெறிந்து தொல்லை கொடுத்ததால், மண்டபத்துக்குக் கீழே இருக்கும் பாதாள லிங்கக் குகைக்குள் போனார். வெளிச்சமே நுழையாத இடம். எறும்பும் பூச்சியும் கடித்து, தொடைகள் புண்ணாகி, சீழும் ரத்தமும் வடிந்தன. அவருக்கு அது தெரியவே இல்லை. சேஷாத்ரி சுவாமிகள் முதலில் அவரைக் காக்க முயன்றார். பிறகு சிலர் உள்ளே இறங்கி, உட்கார்ந்த நிலையிலேயே அவரைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். அந்தத் தழும்புகள் கடைசிவரை இருந்தன.

பிறகு குருமூர்த்தம், மாந்தோப்பு, பவழக்குன்று என்று இடம் மாறி, 1899 வாக்கில் மலைமேல் விரூபாட்ச குகைக்கு வந்தார். அங்கே சுமார் 17 வருடம். 1907இல் காவியகண்ட கணபதி முனிவர் அவருக்கு ரமண மகரிஷி என்று பெயர் வைத்தார். 1916இல் அம்மாவும் வந்து சேர்ந்துகொள்ள, ஸ்கந்தாசிரமத்துக்கு மாறினார்கள். 1922 மே 19ஆம் தேதி அழகம்மாள் காலமானார். அடிவாரத்தில் அவரை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றித்தான் இன்றைய ஆசிரமம் வளர்ந்தது.

1924 ஜூன் மாதம் ஒரு ராத்திரி, ஆசிரமத்துக்குள் திருடர்கள் புகுந்தார்கள். அங்கே திருட என்ன இருக்கு? ஒன்றும் கிடைக்காத ஆத்திரத்தில் அவருடைய இடது தொடையில் அடித்தார்கள். திருப்பி அடிக்க எழுந்த சீடர்களை அவர் தடுத்துவிட்டார்.

1930களில் பால் பிரன்டன் எழுதிய புத்தகத்தின் மூலம் ஐரோப்பாவுக்கு அவர் பெயர் தெரிந்தது. 1938இல் எழுத்தாளர் சாமர்செட் மாம் வந்துபோனார். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தாலும், அவர் விடியும் முன்பே எழுந்து சமையலறையில் காய் நறுக்கும் வழக்கத்தை ரொம்ப காலம் விடவில்லை. தனக்கு மட்டும் தனியாக ஒரு பலகாரமோ டானிக்கோ கொடுத்தால், இருக்கிற எல்லாருக்கும் கொடு என்று சொல்லிவிடுவார். கடைசியில் வந்த நோயிலும், அடுத்தடுத்து வந்த வைத்தியர்களிடம் அவர் நடந்துகொண்ட விதத்துக்கு இந்தப் பழக்கம்தான் அடிப்படை.

முழங்கைக்குக் கீழே ஒரு சின்ன கட்டி

1948 கடைசியில் இடது முழங்கைக்குக் கீழே ஒரு சின்ன உருண்டை தெரிந்தது. பெரிதாக யாரும் கவலைப்படவில்லை. 1949 பிப்ரவரி 9ஆம் தேதி ஆசிரம டாக்டர் அதை அகற்றினார். விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். ஒரு மாதத்துக்குள் அது திரும்பி வந்தது, முன்பைவிடப் பெரிதாக.

மார்ச் 17ஆம் தேதி, அம்மாவின் சமாதிமேல் பத்து வருடமாகக் கட்டப்பட்ட மாத்ருபூதேஸ்வரர் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். ஊரே திரண்ட அந்த விழாவில் ரமணர் கலந்துகொண்டபோது, கட்டி மறுபடி வளர ஆரம்பித்திருந்தது. பத்தே நாளில், மார்ச் 27ஆம் தேதி, சென்னையிலிருந்து டாக்டர்கள் வந்து இரண்டாவது ஆபரேஷன் செய்தார்கள். பரிசோதனையில் தெரிந்தது, அது சர்கோமா. தசை, கொழுப்பு, எலும்பு மாதிரியான திசுக்களில் உருவாகும் புற்றுநோய் வகைக்குப் பொதுவான பெயர் அது.

டாக்டர்கள் சொன்ன அடுத்த வழி, கையையே எடுத்துவிடுவது. அந்தக் காலத்தில் கை, கால்களில் சர்கோமா வந்தால் அதுதான் வழக்கமான சிகிச்சை. ரமணர் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஆனால் மற்ற எந்த வைத்தியத்தையும் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அலோபதி, ஆயுர்வேதம், ஹோமியோபதி, ஊர்க்காரர்கள் கொண்டுவந்த பச்சிலை என்று வருகிறவர்களின் மனசு நோகக்கூடாது என்பதற்காகவே எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார். ஒரு நோயாளியாக இது சரியான முடிவா என்று இன்றைய புற்றுநோய் டாக்டரைக் கேட்டால், நிச்சயம் இல்லை என்றுதான் சொல்வார். சிகிச்சையை நடுநடுவே மாற்றுவது சர்கோமா மாதிரி வேகமாக வளரும் நோயில் நேரத்தை வீணாக்கும். ஆனால் அவருக்கு அது வைத்தியம் பார்க்கும் விஷயமாக இல்லை, வைத்தியம் செய்ய வருகிறவர்களின் அன்பை மறுக்காமல் இருக்கும் விஷயமாக இருந்தது.

கட்டி இப்போது புண்ணாகி ரத்தம் கசிந்தது, கை முழுவதும் வலி. இந்த நிலையில்தான் ஆகஸ்ட் 7ஆம் தேதி மூன்றாவது ஆபரேஷனும் ரேடியமும்.

ரேடியம்னா ஸ்டிக்கர் இல்லையா?

நம்ம ஊரில் ரேடியம் என்றாலே டூவீலர் நம்பர் பிளேட்டில் ஒட்டும் ஸ்டிக்கர்தான் ஞாபகம் வரும். இருட்டில் விளக்கு பட்டால் பளிச்சென்று மின்னும் அந்த ஸ்டிக்கருக்கும் ரேடியத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் வெறும் பிளாஸ்டிக். பெயர் மட்டும் எப்படி ஒட்டிக்கொண்டது? ஒரு காலத்தில் கடிகார முள்ளும் எண்ணும் இருட்டில் ஒளிர, நிஜமாகவே ரேடியம் கலந்த பெயின்ட் பூசினார்கள்.

அந்த பெயின்ட் பூசிய பெண்களின் கதை கொடூரமானது. 1910களின் இறுதியிலும் 1920களிலும் அமெரிக்கத் தொழிற்சாலைகளில், பிரஷ் நுனி கூராக இருக்க வேண்டும் என்பதற்காக அதை உதட்டில் வைத்து நனைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ரேடியம் வயிற்றுக்குள் போனது. உடம்புக்கு ரேடியமும் கால்சியமும் ஒரே மாதிரி தெரியும். அதனால் அது நேராக எலும்புக்குப் போய்த் தங்கியது. முதலில் பல் விழுந்தது, தாடை எலும்பு சிதைந்தது. தப்பித்தவர்களில் சிலருக்குப் பல வருடம் கழித்து எலும்பில் புற்றுநோய் வந்தது. அந்தப் புற்றுநோயின் பெயரும் சர்கோமாதான்.

திருவண்ணாமலையில் சர்கோமாவை அழிக்க எதைப் பயன்படுத்தினார்களோ, அதே ரேடியம் அமெரிக்காவில் சர்கோமாவை உண்டாக்கியது. இது எப்படி?

கொல்வதும் கெடுப்பதும்

ரேடியம் வெளிவிடும் கதிர்கள் செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவை உடைக்கும். ஒரே இடத்தில் ரொம்ப அதிகமான கதிர்வீச்சு போனால் செல் செத்துவிடும். புற்றுநோய் சிகிச்சையில் எதிர்பார்ப்பது அதைத்தான். ஆனால் குறைவான அளவில் பட்டால் செல் சாகாது, தானே டிஎன்ஏவை ஒட்டவைத்துக்கொள்ளும். பெரும்பாலும் சரியாக ஒட்டிவிடும். எப்போதாவது தப்பாக ஒட்டும். அந்தத் தப்பு ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குப் போய், 10 அல்லது 20 வருடம் கழித்துப் புற்றுநோயாக வெளிவரலாம். வராமலும் போகலாம்.

ரேடியம் வைத்தியத்தில் அன்றைக்குப் பொதுவாக இருந்த முறை இது. பிளாட்டினம் மாதிரியான உலோக உறைக்குள் ரேடியத்தை அடைத்த ஊசியோ குழாயோ கட்டி இருக்கும் இடத்தில் வைப்பார்கள். சில நாள் கழித்து எடுத்துவிடுவார்கள். தூரம் கூடக் கூட கதிர்வீச்சு வேகமாகக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் அளவு நாலில் ஒரு பங்கு. ஊசிக்குப் பக்கத்தில் இருக்கும் செல்கள் அழியும், கட்டியின் விளிம்பில் ஒளிந்திருப்பவை தப்பித்துவிடும். 1949இல் ஸ்கேன் கிடையாது, கட்டி எதுவரை பரவியிருக்கிறது என்று பார்க்க வழியில்லை. போதாததற்கு, பல புற்றுநோய்களைவிட சர்கோமா கதிர்வீச்சுக்கு எளிதில் மசியாதது. இன்றைக்கும் அறுவை சிகிச்சைதான் முக்கியம், கதிர்வீச்சு துணைக்கு. எனவே ரமணருக்கு ரேடியம் பலன் தராததில் ஆச்சரியம் இல்லை.

ரேடியத்தால் அவருக்குப் பின்னாளில் புதிதாகப் புற்றுநோய் வந்திருக்குமா? அதற்குக் காலமே இல்லை. கதிர்வீச்சால் வரும் ரத்தப் புற்றுநோய்க்கே குறைந்தது 2 வருடம் ஆகும், மற்ற புற்றுநோய்களுக்குப் பொதுவாக 10 வருடமும் அதற்கு மேலும். 70 வயதை நெருங்கியிருந்த, உயிரைக் குடிக்கும் கட்டியோடு இருந்த ஒருவருக்கு அது கணக்கிலேயே வராது.

கணக்கில் வருவது, ரேடியத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தவர், எண்ணிப் பார்த்தவர், கழுவி மறுபடி பூட்டி வைத்தவர். நோயாளி ஒரு தடவை வருவார், போவார். இவர்கள் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒவ்வொரு தடவை. மேரி கியூரி 1934இல் இறந்தது எலும்பு மஜ்ஜை ரத்தம் உற்பத்தி செய்வதை நிறுத்தியதால்தான். எக்ஸ்ரே, ரேடியம் வேலையில் உயிரிழந்த டாக்டர்கள், நர்ஸுகள், உதவியாளர்களுக்காக 1936இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். திறந்தபோதே அதில் 169 பெயர்கள் இருந்தன.

1950: அப்போது தெரியாதது என்ன?

ரமணர் இறந்த 1950ஆம் ஆண்டு, கதிர்வீச்சு அறிவியலுக்கும் ஒரு முக்கியமான வருடம். ஹிரோஷிமா, நாகசாகி குண்டுவீச்சிலிருந்து பிழைத்தவர்களின் உடல்நிலையை ஆயுள் முழுக்கத் தொடரும் ஆய்வுக்கு, அந்த வருடம் அக்டோபரில் ஜப்பானில் எடுத்த மக்கள்தொகைக் கணக்குதான் அடிப்படை. எவ்வளவு கதிர்வீச்சுக்கு எவ்வளவு ஆபத்து என்று இன்றைக்கு உலகம் முழுக்கப் பயன்படும் கணக்கின் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது.

கதிர்வீச்சு உடம்பில் ஏற்படுத்தும் பாதிப்பை மில்லிசீவர்ட் என்ற அலகில் சொல்வார்கள். மண், பாறை, காற்று, வானம் எல்லாவற்றிலிருந்தும் சேர்த்து ஒரு மனிதருக்கு உலக சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் இயற்கையாகவே கிடைக்கிறது. இந்தியாவில் கதிர்வீச்சு இருக்கும் இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு 5 வருடத்தில் மொத்தம் 100 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30க்கு மேல் போகக்கூடாது என்பது விதி. ஆயிரம் பேர் ஆளுக்கு 100 மில்லிசீவர்ட் வாங்கினால், அதனால் மட்டும் கூடுதலாக 5 பேர் வரை புற்றுநோயில் இறக்கலாம் என்பது சர்வதேச அமைப்புகள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. அந்த ஆயிரம் பேரில் கதிர்வீச்சே இல்லாமலும் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குப் புற்றுநோய் வரும். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

செர்னோபில் தொழிலாளர்கள்: அந்த 22 பேர் யார்?

1986 ஏப்ரல் 26ஆம் தேதி சோவியத் யூனியனின் செர்னோபில் அணுஉலை வெடித்தது. முதல் நாள் அங்கே இருந்த ஊழியர்கள், தீயணைப்பு வீரர்களில் 134 பேருக்குக் கடுமையான கதிர்வீச்சு நோய் வந்தது. 28 பேர் சில மாதங்களுக்குள் இறந்தார்கள். இது எல்லாருக்கும் தெரிந்த பகுதி.

தெரியாத பகுதி, அதற்குப் பிறகு வந்தவர்கள். கூரைமேல் சிதறிய கிராஃபைட்டை மண்வெட்டியால் தள்ள, மண்ணைச் சுரண்ட, சாலையைக் கழுவ, உலையைச் சுற்றிக் கான்கிரீட் எழுப்ப, 1990 வரைக்கும் சுமார் 6 லட்சம் பேர் அனுப்பப்பட்டார்கள். ராணுவ வீரர்கள், சுரங்கத் தொழிலாளர்கள், டிரைவர்கள். கூரைக்குப் போனவர்கள் ஒன்றிரண்டு நிமிடம் வேலை செய்துவிட்டு ஓடிவர வேண்டும். இவர்களுக்குச் சராசரியாக 120 மில்லிசீவர்ட் அளவு கிடைத்திருக்கும் என்பது ஐ.நா. அறிவியல் குழுவின் மதிப்பீடு. பலருக்கு அளவு சரியாகப் பதிவாகவே இல்லை.

உக்ரைனில் இப்படி வேலை செய்த சுமார் 1,10,000 பேரை அமெரிக்க, உக்ரைன் ஆய்வாளர்கள் 20 வருடம் தொடர்ந்தார்கள். 137 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. அதில் சுமார் 16 சதவீதம் கதிர்வீச்சால் வந்தது என்று கணக்கிட்டார்கள். அதாவது கிட்டத்தட்ட 22 பேர். ஆனால் அந்த 137 பேரில் எந்த 22 பேர் என்று எந்த டாக்டராலும், எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. கதிர்வீச்சால் வந்த புற்றுநோய்க்கென்று தனி அடையாளம் கிடையாது. இழப்பீடு கேட்டுப் போகும் தொழிலாளி முன்னால் இருக்கும் சுவர் இதுதான்.

புற்றுநோய் மட்டுமா என்றால், இல்லை. கண்ணில் புரை விழுவது இவர்களிடம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த அளவிலேயே தெரிந்தது. கண்ணுக்கான வருடாந்திர வரம்பை 150லிருந்து 20 மில்லிசீவர்ட்டாக 2011இல் சர்வதேச ஆணையம் குறைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். எஸ்டோனியாவிலிருந்து போனவர்களிடம் தற்கொலை அதிகமாக இருந்தது தெரியவந்தது. கதிர்வீச்சைவிட, எனக்கு என்ன ஆகும் என்ற கேள்வியோடு வருடக்கணக்கில் வாழ்ந்ததுதான் பலரை உடைத்தது. ஒரு ஆறுதல்: இந்தத் தொழிலாளர்களுக்குப் பிறகு பிறந்த குழந்தைகளின் மரபணுவில் கூடுதல் மாற்றம் எதுவும் இல்லை என்று 2021இல் வெளியான ஆய்வு காட்டியது.

தமிழ்நாட்டுக்கும் இது தூரத்து விஷயம் இல்லை. 2003 ஜனவரி 21ஆம் தேதி, கல்பாக்கத்தில் அணு எரிபொருளை மறுசெயலாக்கம் செய்யும் ஆலையில், குறைந்த கதிரியக்கம் உள்ள கழிவு இருக்க வேண்டிய தொட்டியில் வால்வு கோளாறால் அதிகக் கதிரியக்கக் கழிவு புகுந்தது. அது தெரியாமல் மாதிரி எடுக்கப் போன 6 ஊழியர்களுக்கு, அனுமதிக்கப்பட்ட வருடாந்திர அளவைவிடப் பல மடங்கு கதிர்வீச்சு பட்டது. செர்னோபிலோடு ஒப்பிட முடியாத சின்ன விபத்துதான். ஆனால் அந்த ஆறு பேருக்கும் கேள்வி ஒன்றுதான்: இன்னும் 20 வருடம் கழித்து என்ன ஆகும்?

1950 ஏப்ரல் 14, இரவு 8.47

திருவண்ணாமலைக்குத் திரும்புவோம். 1949 டிசம்பர் 19ஆம் தேதி நான்காவது ஆபரேஷன். கட்டி இதற்குள் மேற்கை நோக்கி ஏறிவிட்டது. இனி அலோபதியில் செய்ய ஒன்றும் இல்லை என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள். அதற்குப் பிறகும் வைத்தியர்கள் மாறிமாறி வந்தார்கள். ரமணர் நடமாட்டம் குறைந்து, ஒரு சின்ன அறையிலேயே இருந்தார். உடல்நிலையைக் காரணம் காட்டி தரிசனத்தை நிறுத்த அவர் விடவில்லை. கடைசி நாள் சாயங்காலம் வரை ஜனங்கள் வரிசையாக வந்து அந்த அறை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஏப்ரல் 14ஆம் தேதி ராத்திரி, வெளியே கூடியிருந்தவர்கள் அவர் எழுதிய அருணாசல அட்சரமணமாலையைப் பாடிக்கொண்டிருந்தபோது, 8.47 மணிக்கு மூச்சு நின்றது. அதே நேரத்தில் வானத்தில் ஒரு எரிநட்சத்திரம் மலையை நோக்கி நகர்ந்ததைப் பலர் பார்த்தார்கள். ஆசிரமத்தில் அப்போது இருந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோனும் அதைப் பார்த்ததாகப் பதிவு செய்திருக்கிறார். மறுநாள் ஆசிரமத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

நாலு வருடம் கழித்து, 1954இல், சென்னை அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. 1950களின் பிற்பகுதியில் கோபால்ட்-60 இயந்திரம் அங்கே வந்தது. கதிர் வரும் பொருள் இயந்திரத்துக்குள்ளேயே இருக்கும், சிகிச்சை தருபவர் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கலாம். உடம்புக்குள் வைக்கும் சிகிச்சையிலும் மாற்றம் வந்தது. முதலில் வெறும் குழாயை வைத்துவிட்டு, எல்லாரும் அறையைவிட்டு வெளியேறிய பிறகு கதிரியக்கப் பொருளை உள்ளே அனுப்பும் முறை அது. சர்கோமாவுக்குக் கையை எடுக்காமலே அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுப்பதுதான் இப்போது பெரும்பாலும் நடக்கிறது. இப்போது இந்த வேலை செய்யும் ஒவ்வொருவர் சட்டையிலும் ஒரு சின்ன பேட்ஜ் தொங்கும். உடம்பில் பட்ட கதிர்வீச்சு எவ்வளவு என்று அது பதிந்துகொண்டே இருக்கும்.

ரேடியம் ஊசிகளை உலகம் முழுக்க மருத்துவமனைகள் கைவிட்டுவிட்டன. ஆனால் ரேடியம் எங்கேயும் போய்விடவில்லை. அதன் அளவு பாதியாகக் குறைய சுமார் 1,600 வருடம் ஆகும். 1949இல் பயன்பட்ட ரேடியத்தில் சுமார் 97 சதவீதம் இன்றைக்கும் அப்படியே இருக்கும். பழைய ஊசிகளை ஈயப் பெட்டியில் அடைத்து கதிரியக்கக் கழிவாகத்தான் பாதுகாக்கிறார்கள். அந்தப் பெட்டியை நகர்த்தும் வேலைக்குப் போகிறவரும் அதே பேட்ஜைக் குத்திக்கொண்டுதான் உள்ளே போகிறார்.